கோடு பார்க்க வந்தவர்

திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தால், அது என்னை யாரென்றே தெரியாததுபோல் பார்த்தது. திரை முழுக்க நீலம். நடுவில் நான்கு வரி: 'பாதுகாப்பு ஒட்டு எண் 41 நிலுவையில் உள்ளது. வாரிய ஊழியர் முன்னிலையில் ஒட்டப்படும்வரை இக்கணினி இயங்காது. இது தங்கள் நன்மைக்கே.'

என் நன்மையைப் பற்றி என்னைக் கேட்காமல் யாராவது கவலைப்பட ஆரம்பித்தால் என் கை முதலில் பர்ஸைத் தொட்டுப் பார்க்கும். அன்றைக்குப் பயந்ததற்கு வேறு காரணமும் இருந்தது.

என் அக்கா கடல் தாண்டிய ஒரு ஊரில் நூலகராக இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு நானும் எனக்கு அவளும்தான் உடன்பிறப்பு. அவள் இதயத்தில் ஒரு வால்வு பழுது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அறுவை சிகிச்சை. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு விதி: நெருங்கிய உறவுக்காரர் ஒருவர், முன்பே பதிவு செய்த கணினியில் முகம் காட்டி, டாக்டர் கேட்கும்போது வாயால் 'சம்மதம்' சொல்ல வேண்டும். சொன்னால்தான் கத்தி எடுப்பார்கள். நான் பதிவு செய்திருந்தது இந்த நீலத் திரைக்காரனைத்தான். மாற்றிப் பதிய இரண்டு வாரம் ஆகும். வியாழக்கிழமை தவறினால் அடுத்த முறை நான்கு மாதம் கழித்து. நான்கு மாதம் அந்த வால்வு தாங்குமா என்று கேட்டதற்கு 'வியாழக்கிழமையைத் தவற விடாதீங்க' என்று மட்டும் டாக்டர் சொன்னாராம். அக்காவே சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்பெல்லாம் இந்த ஒட்டுகள் தாமாகவே வந்தன. கணினியில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று எங்கோ கண்டுபிடிப்பார்கள், அதை அடைக்க ஒரு ஒட்டு அனுப்புவார்கள், நாம் குளித்துவிட்டு வருவதற்குள் அது ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு முறை தப்பான ஒட்டு ஒன்று வந்து, ஊரிலுள்ள அச்சு இயந்திரங்கள் எல்லாம் ஒரே நாளில் வெள்ளைக் காகிதமாகத் துப்பித் தள்ளின. விசாரணைக் குழு போட்டார்கள். குழு இரண்டு வருடம் யோசித்து, யாரும் பார்க்காதபோது நடந்ததால்தான் தப்பு நடந்தது என்று கண்டுபிடித்தது. அப்படிப் பிறந்ததுதான் இல்லக் கணினிப் பாதுகாப்பு வாரியம். இனி எந்த வீட்டிலும் முன்னேற்றக் கோடு, அதாவது ஒட்டு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று காட்டும் அந்தப் பச்சைக் கோடு, வாரிய ஊழியரின் கண் படாமல் நகரக்கூடாது.

கடையைப் பூட்டிவிட்டு வாரியத்துக்கு ஓடினேன். நான் படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடுகிறவன். கல்யாணப் படம், பட்டமளிப்புப் படம், செத்தவர் படம் எல்லாம் என் கையில் வரும். என் வேலையில் ஒரு மில்லிமீட்டர் கோணினால் வாடிக்கையாளர் முகத்தில் அடித்ததுபோல் சொல்லிவிடுவார். அந்த அலுவலகத்தில் பெயர்ப் பலகையே ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. போன வேகத்தில் அதை நிமிர்த்தப் போனேன். "தொடாதீங்க சார், அது பதிவேட்டுல ஏறின பொருள்" என்றார் காவலாளி.

கவுன்ட்டரில் இருந்த எழுத்தர் என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நாப்பத்தொண்ணு போடணும்னா நாப்பது போட்டிருக்கணுமே."

"சரி, நாப்பதையும் போடுங்க."

"அது வாபஸ் வாங்கியாச்சு. அதுல ஆபத்து இருக்கு. போட்டிருந்தீங்கன்னா உங்க மேல நடவடிக்கை."

"நான் போடலை சார்."

"அப்ப நாப்பத்தொண்ணு போட முடியாதே."

அவர் முகத்தில் குழப்பமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா விஷயத்தைச் சொன்னேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டு ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். போடாமைச் சான்று. அது இருந்தால் நாற்பதைத் தாண்டி நேராக நாற்பத்தொன்றைப் போடலாமாம். நான் ஒட்டு எண் 40-ஐப் போடவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கண்ணால் கண்ட சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

"கணினியிலேயே பார்த்தாத் தெரியுமே சார்?"

"பார்க்கலாம். ஆனா அது பூட்டியிருக்கே."

அவர் பின்னால் இருந்த கணினி அப்போதுதான் என் கண்ணில் பட்டது. பிரிட்ஜ் அளவுக்குத் தடிமனான பழைய திரை. உறுமிக்கொண்டு ஜம்மென்று வேலை செய்தது. இதில் எத்தனையாவது ஒட்டு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இதுலயா? ஒண்ணுகூடப் போட்டதில்லை" என்றார், நான் ஏதோ அபாண்டம் சொல்லிவிட்டதுபோல. "ஒன்பது வருஷமா அப்படியே இருக்கு. பொதுமக்கள் தகவலெல்லாம் இதுலதான் இருக்கு சார். அதுல போய் ரிஸ்க் எடுக்க முடியுமா?"

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். ஆயுள் முழுக்க அடுத்தவர் சொன்னதை மட்டுமே எழுதியவர். படிவத்தை மூன்று தடவை படித்தார்.

"நீங்க போடலைன்னு நான் பார்த்தேனா?"

"பார்க்கலை. போட்டிருந்தாத்தானே பார்க்க முடியும்?"

"அப்ப பார்க்காததை எப்படிப் பார்த்தேன்னு எழுதறது?"

செவ்வாய்க்கிழமை முழுவதும் இதிலேயே போயிற்று. கடைசியில் என் மனைவி ஆம்புலன்ஸை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். அவள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். வழிவிடாதவர்களிடம் பேசிப் பேசி ஒரு குரல் வைத்திருக்கிறாள். "ஐயா, இவர் ஒரு ஆணியை நேரா அடிக்கறதுக்கே நாலு தடவை யோசிப்பாரு. இவரா ஆபத்தான ஒட்டைப் போட்டிருப்பாரு? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க." அவர் மனசாட்சியைத் தொட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்குத்தான் கொஞ்சம் சுருக்கென்றது.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்குக் கோட்டுக் கண்காணிப்பாளர் வந்தார். ஒல்லியான மனிதர், சிவந்த கண்கள். ஒரு கறுப்புப் பெட்டி கொண்டுவந்தார். அதில் ஒரு சின்னக் கேமரா, ஒரு சிவப்புப் பொத்தான். அதைக் கணினியில் செருகினார். தன் கைப்பேசியை ஒரு பைக்குள் போட்டு முத்திரை வைத்து என்னிடம் கொடுத்தார். வேலை நேரத்தில் அவர் கண் வேறெங்கும் போகக்கூடாதாம். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "தொடங்குது" என்றார். பச்சைக் கோடு ஒரு நூல் நகர்ந்தது. நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

பதினொன்றரைக்கு ஐம்பத்தேழு சதவீதம். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார், சிவப்புப் பொத்தானை அமுக்கினார், எழுந்தார். கோடு சைபருக்குப் போய்விட்டது.

"ஐயோ! என்ன சார் பண்ணினீங்க?"

"டீ டைம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்ணுக்கு ஓய்வு கட்டாயம். நான் பார்க்காதபோது கோடு நிற்கணும். நின்ன கோட்டை நம்ப முடியாது, அதனால முதல்லேருந்து."

"மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூன்றரை மணி நேரம்."

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்க எழுந்திருப்பீங்க."

"ஆமாம்."

"அப்ப எப்ப சார் முடியும்?"

அவர் என்னை அன்போடு பார்த்தார். பத்தொன்பது வருட அரசாங்க உத்தியோகத்தில் இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை என்று தோன்றியது. "பதினோராயிரம் வீட்டுல தொடங்கியாச்சு சார். எங்களுக்கு இலக்கு தொடங்கறதுதான். முடிக்கறது வேற பிரிவு. அது இன்னும் ஆரம்பிக்கலை."

அன்றைக்குக் கோடு நான்கு முறை கிளம்பியது. டீயில் ஒரு முறை, சாப்பாட்டில் ஒரு முறை, மறுபடி டீயில் ஒரு முறை, ஐந்து மணிக்கு ஒரு முறை செத்தது. நடுவில் என் மனைவி சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்: "இந்த ஒட்டு அவ்வளவு பெரிசா சார்?"

"இல்லைங்கம்மா, சின்னதுதான். இருபது நிமிஷ வேலை" என்றார் அவர், கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தப் பெட்டி என் கண்ணை நொடிக்கு நாற்பது படம் எடுத்து உங்க கணினியில ஏத்துது. நான் பார்க்கறேன்னு பதியறதுக்குத்தான் மீதி நேரம்."

அந்தப் பெட்டி இல்லாமலே ஓட்டினால் என்ன என்று அவர் போன பிறகு மனைவியிடம் கேட்டேன். போகும்போது கணினியை அணைத்து, பெட்டியையும் எடுத்துப் போயிருந்தார்; மறுபடி திறந்தால் அதே நீலத் திரை. கோடு ஓடும்போது கழற்றினாலோ கணினி ஆயுளுக்கும் பூட்டு என்று பெட்டியின் முதுகிலேயே எழுதியிருந்தது. அக்கா கூப்பிட்டாள். "என்னடா, எல்லாம் தயாரா?" என்றாள். "தயார்க்கா" என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் மெலிந்துவிடும். அவளுக்கு அது தெரியும். "சட்டைய இஸ்திரி போட்டுக்கோ, டாக்டர் பார்ப்பாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை கண்காணிப்பாளரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியிருந்ததில், எட்டரைக்கே வந்துவிட்டார். எட்டு நாற்பதுக்குக் கோடு கிளம்பியது. அவர் டீக்கு எழுந்திருக்காவிட்டாலும் கணக்குப்படி பன்னிரண்டு பத்துக்குத்தான் முடியும். பதினொன்றுக்குள் முடியாது என்று மூன்று பேருக்கும் தெரியும். "சில வீட்டுல சீக்கிரம் ஓடும்" என்றார் அவர். எந்த வீட்டில் என்று நான் கேட்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். முதுகெல்லாம் ஈரம்.

ஒன்பது ஐம்பதுக்கு வாசலில் கார் சத்தம். வாரியத்தின் துணை இயக்குநர் அம்மா, முன்னறிவிப்பில்லாத ஆய்வுக்கு வந்திருந்தார். அவர் அறைக்குள் நுழைந்ததும் கண்காணிப்பாளர் ஸ்பிரிங்போல எழுந்து நின்றார். முப்பத்துமூன்று சதவீதத்தில் இருந்த கோடு, சைபர்.

துணை இயக்குநர் அதைக் கவனிக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

"முன்னாடியெல்லாம் ஒட்டு வந்துச்சு, ஒட்டிக்கிச்சு, போயிடுச்சு. நாம பாதுகாப்பா இருக்கோம்ங்கற உணர்வே ஜனங்களுக்கு இல்லை. இப்பப் பாருங்க, வாரக்கணக்குல அவங்க வேற எதையும் நினைக்கறதில்லை. இதுதான் விழிப்புணர்வு."

"அம்மா, பதினொரு மணிக்கு எங்கக்காவுக்கு..."

"சொல்லி முடிச்சுடறேன். எல்லாரும் திருடன், வைரஸ்னு பயப்படறாங்க. ஓடாத கணினிக்குள்ள எந்தத் திருடன் நுழைய முடியும்? சொல்லுங்க பார்ப்போம். இன்னைக்கு இந்த ஊர்ல பதினோராயிரம் வீடு முழுப் பாதுகாப்புல இருக்கு. உலகத்துல வேற எங்கயும் இப்படி இல்லை."

என் மனைவி பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. துணை இயக்குநர் அக்காவின் விஷயத்தை முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, அவசரக் கோரிக்கைகளுக்கென்று தனிப் படிவம் அச்சாகிக்கொண்டிருப்பதாகவும், அதன் முதல் பிரதியை எனக்கே தருவதாகவும் வாக்களித்துவிட்டுப் போனார். அப்போது மணி பத்து.

கண்காணிப்பாளர் மறுபடி உட்கார்ந்தார். கோடு மறுபடி கிளம்பியது. பத்து இருபதுக்குப் பத்து சதவீதம். அவர் நாற்காலியில் நெளிய ஆரம்பித்தார். காலையிலிருந்து எழுந்திருக்காதவர், எழுந்த ஒரு தடவையும் சல்யூட்டுக்காக எழுந்தவர். "மன்னிக்கணும்" என்று முனகிக்கொண்டே பொத்தானை அமுக்கினார். கோடு சைபர். "பாத்ரூம் எங்கே?" என்றார்.

காட்டினேன். உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்கு வெளியிலும் ஒரு தாழ்ப்பாள் உண்டு. காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க நானே போட்டது. நான் அதைப் பார்த்தேன். திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். அவள் கணினிப் பக்கம் நகர்ந்தாள். நான் வாழ்நாளில் ஒரு வரிசையைத் தாண்டி முன்னால் போனவன் இல்லை. சிவப்பு விளக்கில், எதிரே ஆளே இல்லாவிட்டாலும் நிற்பவன். எந்தக் கை அதைச் செய்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

"பெட்டி!" என்றேன். அவள் ஏற்கெனவே கழற்றியிருந்தாள். கோடு நின்றிருந்ததால் பூட்டு விழவில்லை.

திரையில் ஒரு கேள்வி வந்தது: 'கண்காணிப்பு இன்றித் தொடரவா?' அவள் ஆம் என்பதை அமுக்கினாள். மணி பத்து இருபத்து நாலு.

கோடு ஓடியது. மூன்று, ஏழு, பன்னிரண்டு. உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம். "சார், கதவு திறக்கலை." இருபத்தாறு. "சார்! யாராவது இருக்கீங்களா?" நாற்பது. "தாழ்ப்பாளை எடுங்க சார், இது குற்றம்!" ஐம்பத்தைந்து. கதவுக்கும் கணினிக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். "அங்க பார்க்காதீங்க, இங்க பாருங்க" என்றாள் மனைவி. எழுபத்தெட்டில் கோடு நின்றது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்தபடி, ஆம்புலன்ஸில் சொல்வதுபோலவே மெதுவாகச் சொன்னாள்: "வழி விடு, வழி விடு, வழி விடு." விட்டது. பத்து நாற்பத்தாறுக்கு நூறு. திரை இருண்டது. மறுபடி எழ ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்த ஒன்பது நிமிடத்தில் எனக்கு எவ்வளவு முடி நரைத்ததோ தெரியாது.

சரியாகப் பதினொன்றுக்கு அக்காவின் முகம் வந்தது. பச்சை அங்கி, தலையில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி. பக்கத்தில் டாக்டர். அவர் மொழி எனக்குத் தெரியாது, அக்காதான் மொழிபெயர்த்தாள்.

பின்னாலிருந்து தடால் தடால் என்று கதவு அதிர்ந்தது. டாக்டர் ஏதோ கேட்டார்.

"அங்க என்ன சத்தம்னு கேக்கறாரு" என்றாள் அக்கா. "எனக்கும் தெரிஞ்சாகணும். யாரையாவது அடைச்சு வெச்சிருக்கியாடா?"

"பாதுகாப்பு அதிகாரிக்கா. வேலையா இருக்காரு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். சிரிப்பை அடக்கும்போது அவள் மூக்கு விடைக்கும். விடைத்தது. டாக்டரிடம் என்ன சொன்னாளோ, அவர் மரியாதையாகத் தலையசைத்தார்.

பிறகு டாக்டர் நிதானமாக ஒரு காகிதத்தைப் படித்தார். அக்கா ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். "இதயத்தை நிறுத்தி வெப்பாங்களாம். அப்புறம் மறுபடி ஓட வெப்பாங்களாம். நூத்துல மூணு பேருக்கு ஓடாமப் போகலாமாம்." குரலில் நடுக்கமே இல்லாமல் சொன்னாள், யாருடைய இதயத்தையோ சொல்வதுபோல. "சம்மதமான்னு கேக்கறாரு."

அந்த நேரம் பார்த்துக் குளியலறைக் கதவின் சத்தம் நின்றது. வீடே நிசப்தமானது.

"சம்மதம்" என்றேன்.

"சட்டை நல்லாருக்குடா" என்றாள் அக்கா. திரை அணைந்தது.

தாழ்ப்பாளை எடுத்தேன். கண்காணிப்பாளர் வியர்வையில் நனைந்து வெளியே வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"சம்மதம் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு சார்."

"நல்லது. இப்ப என் விஷயத்துக்கு வாங்க." திரையைப் பார்த்தார். 'ஒட்டு எண் 41 நிறைவடைந்தது' என்று இருந்தது. அவர் முகம் வெளுத்தது. "இதை யாரு பார்த்தா?"

"நாங்கதான்."

"நீங்க பார்த்தது கணக்குல வராது. யாரும் பார்க்காமக் கோடு முடிஞ்சுதுன்னு எழுதினா என் வேலை போயிடும். என் வேலை மட்டுமில்லை சார். பார்க்காமலே முடியும்னு வெளியே தெரிஞ்சா வாரியமே எதுக்குன்னு கேப்பாங்க."

பிறகு பெட்டியைச் செருகிக்கொண்டு அதே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பத்து மணிக்குத் தொடங்கினேன். மூன்றரை மணி நேரம். ஒன்றரைக்கு முடியும்" என்றார். முடிந்துபோன திரையை ஒன்றரை மணிவரை இமை கொட்டாமல் பார்த்தார். பன்னிரண்டு மணி டீயையும் வேண்டாம் என்றுவிட்டார். கிளம்பும்போது மட்டும், "அக்காவுக்கு எப்படின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று தன் எண்ணை எழுதிக் கொடுத்தார். மாலை நாலரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. இதயம் மறுபடி ஓடுகிறது. நான் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் முதலில் அவருக்குத்தான் சொன்னேன்.

பதினோராயிரம் வீடுகளில் ஒட்டு முடிந்த ஒரே வீடு எங்களுடையது. போன வாரம் வாரியத்தில் விழா எடுத்தார்கள். டீயைத் தியாகம் செய்த கண்காணிப்பாளருக்குப் பதக்கம், எனக்கு 'முன்மாதிரி இல்லம்' என்று ஒரு சான்றிதழ். அதற்குச் சட்டம் போட்டது வேறு யாரோ. நாலு மூலையும் கோணல். துணை இயக்குநர் அம்மா மேடையில் கண் கலங்கினார்.

"கண்ணெடுக்காமப் பார்த்தாக் கோடு முடியும்னு இந்த வீடு நிரூபிச்சிருக்கு. ஒரு ஜோடிக் கண்ணுக்கே இப்படின்னா, ரெண்டு ஜோடி பார்த்தா என்ன ஆகும்! அதனால ஒட்டு எண் 42-லேருந்து வீட்டுக்கு ரெண்டு கண்காணிப்பாளர்கள். முதல் வீடா இதே முன்மாதிரி இல்லத்துலதான் தொடங்கறோம்."

பலத்த கைதட்டல். கண்காணிப்பாளர் மட்டும் தட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார்கள். அன்றைக்குப் பதினொரு மணிக்கு அக்காவுக்கு மறுபரிசோதனை, டாக்டர் என்னிடமும் பேச வேண்டுமாம். என் மனைவி இரும்புக் கடைக்குப் போய், ஒரு முழ நீளத்தில் புதிய தாழ்ப்பாள் வாங்கி வந்தாள். நான் நாலு தடவை யோசிக்காமல் ஆணி அடித்தேன். குளியலறைக்குள் இரண்டு ஸ்டூலும் போட்டு வைத்திருக்கிறோம், பாவம், நின்றுகொண்டேயா இருப்பார்கள்.